குடைக் கம்பியும் பித்தளைப் பூட்டும்

ஜெர்மன் சண்டை முடிந்த பிறகு பட்டாளத்து ஸ்டோரிலிருந்து ஒரு வெள்ளைப் பவுடர் வெளியே வந்திருக்கிறது. நாயின் முதுகில் தூவி, மயிரை எதிர்ப்புறமாக நீவித் தேய்த்துவிட்டால் இரண்டு நாளில் உண்ணிகள் காய்ந்து தாமே உதிர்ந்துவிடுகின்றன. பூந்தமல்லி மாட்டு ஆஸ்பத்திரியில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இனிமேல் உண்ணி பிடுங்கும் இடுக்கிகள் எதற்கு, பெட்டியோடு பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். போடுங்கள் என்று எனக்குச் சொல்ல வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டியில் ஐந்து சீமை இடுக்கிகளோடு ஒரு குடைக் கம்பியும் கிடக்கிறது. அதில் 4 என்று நம்பர் அடித்திருக்கும். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டார்கள். நாலு பேர் எதிரில் உட்கார்ந்தால் எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

பவுடரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் தூவிய நாயிலிருந்து உதிர்ந்த உண்ணிகளைக் காகிதத்தில் கொட்டி எடுத்துவரச் சொல்லி, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் தலை இருந்தது. நல்ல மருந்தாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் என் கண் மங்கிப்போய், ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டேன்.

ஆவடிக்கும் வெள்ளானூருக்கும் நடுவில், கள்ளியும் காரை முள்ளும் மண்டிய ஒரு மேட்டில், ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் நான் வேலை செய்த நாய்க்கொட்டாய் அப்போது இருந்தது. இடுக்கிப் பெட்டி அங்கிருந்து வந்ததுதான். துரைமார் சிலர் சேர்ந்து வேட்டை நாய்கள் வைத்திருந்தார்கள். அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும், விடியும் முன்னே குதிரை ஏறி நாய்களை விட்டு நரி துரத்துவார்கள். நாய்கள் எல்லாம் சீமையிலிருந்து கப்பலில் வந்தவை. துறைமுகத்திலிருந்து ரயிலில் ஆவடி ஸ்டேஷன், அங்கிருந்து கட்டை வண்டியில் கொட்டாய். எப்போதும் முப்பதுக்குக் குறையாமல் இருக்கும். வந்த முதல் வருஷத்தில் பாதி செத்துப்போகும். யாராவது விஷம் வைக்கிறார்கள் என்றுதான் துரைமார் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பு அவர்களுக்கு முழுக்கப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

ஐந்தாவது வரை படித்திருந்ததால் மருந்துச் சீட்டைப் படிப்பேன் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் இரண்டு வருஷம் கொட்டாய் கழுவினேன், கறியும் சோளமாவும் போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். அதில் எழுத ஒன்றுமில்லை. மூன்றாம் வருஷம் என் கையில் இடுக்கி கொடுத்தார்கள். காம்பவுண்டுக்குள்ளேயே லைன் வீடும் கொடுத்தார்கள். கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகளும் அந்த வீட்டில்தான் பிறந்தன.

எங்களுக்கு மேலே ஓவர்சியர் டிகுரூஸ். சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், பெரம்பூரில் ரயில்வே குடும்பம். ஒல்லியான மனிதர். காக்கி அரைக்கால் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. எங்களைப் போலவே தமிழ் பேசுவார், நடுநடுவே 'மேன்' போடுவார். அவர் யாரையும் திட்டியோ அடித்தோ நான் பார்த்ததில்லை. மோந்து பார்ப்பார். காலையில் வரிசையாக நின்று கையை நீட்ட வேண்டும். விரலில் பீடி வாசனையா, மண்ணெண்ணெய் வாசனையா, சுண்ணாம்பா என்று ஒவ்வொரு கையாக மோந்துகொண்டு போவார். காலையில் ஒரு கேள்வி கேட்பார். சாப்பாட்டுக்குப் பிறகு அதே கேள்வியை வேறு மாதிரி கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார், ஆனால் முகம் தெளியாது. நாய் பிஸ்கோத்து டின்னின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் போய்விடுவார். உள்ளே எத்தனை இருந்தது என்று அவருக்குத் தெரியும். அந்த டின் பக்கம் நாங்கள் தலை வைத்துக்கூடப் படுப்பதில்லை. திறந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் விலகிப் போவோம்.

உண்ணி பிடுங்குவதற்கு அவர் வைத்திருந்த முறை இது. காலை கஞ்சிக்கு முன்னால் பெட்டியைத் திறந்து, ஆளுக்கு ஒரு இடுக்கியை நம்பர் பார்த்துக் கொடுப்பார். என் நம்பர் நாலு. ஒருவன் இடுக்கியை இன்னொருவன் தொடக்கூடாது. நாயை மேடையில் படுக்க வைத்து, காது மடலின் உள்பக்கம் ஆரம்பித்து, கண்ணோரம், தாடை, கக்கம், தொடை இடுக்கு, கடைசியில் கால் விரல்களின் நடுச்சவ்வு என்று ஒரே வரிசையில் போக வேண்டும். வரிசையை மாற்றினால் எங்கேயாவது ஒன்று விட்டுப்போகும். எள் போலத் தட்டையாக இருப்பது நேற்று ஏறியது. ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் உப்பியிருப்பது நாலைந்து நாளாக ரத்தம் குடித்தது. எதுவானாலும் தோலை ஒட்டி, தலைப்பக்கம் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிக்கொண்டே மெதுவாக. வெடுக்கென்று இழுத்தால் உடம்பு வந்துவிடும், தலை தோலுக்குள்ளேயே தங்கிவிடும். அது சீழ் வைக்கும். வயிற்றைப் பிடித்து நசுக்கினால் அது குடித்ததெல்லாம் நாயின் உடம்புக்குள்ளேயே திரும்பிப் போகும். பிடுங்கிய இடத்தில் டிங்சர் தொட்டு வைக்க வேண்டும். பிடுங்கியதை நகத்தால் நசுக்கக்கூடாது. ஸ்பிரிட் ஊற்றிய அவரவர் பாட்டிலில் போட வேண்டும்.

சாயங்காலம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காருவார். ஒவ்வொரு பாட்டிலாகப் பீங்கான் தட்டில் கவிழ்த்து, ஒரு ஊசியால் உண்ணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். தலை உள்ளது ஒரு பக்கம், தலை இல்லாதது ஒரு பக்கம். நாங்கள் எதிரே நின்றுகொண்டிருப்போம். தலை போனது அதிகமாக இருந்தால் அன்றைக்கு அந்த ஆள் வீட்டுக்குப் போகக்கூடாது. அந்தந்த நாயைத் திரும்பப் படுக்க வைத்துத் தங்கிய தலையைத் தேட வேண்டும்.

வெளியிலிருந்து இரும்பு எதுவும் கொண்டுவரக்கூடாது என்பது இன்னொரு சட்டம். நான் சேர்வதற்கு முன்னால் ஒரு ஆள் பீடி நெருப்பால் உண்ணியைச் சுட்டிருக்கிறான். நாய் உதறியதில் காது மடல் ஓட்டையாகிவிட்டது. அன்றிலிருந்து பீடி இல்லை, சொந்தக் கம்பி இல்லை, ஊசி இல்லை. மீறினால் வேலை இல்லை.

பூட்டுச் சட்டம் நான் இருக்கும்போது வந்தது. ஒரு நாய் காணாமல் போனது. பத்து நாள் கழித்து அதன் கழுத்துப்பட்டை மட்டும் திருமழிசைச் சந்தையில் ஒருவனிடம் கிடைத்தது. நாயை நரி இழுத்துப் போயிருக்கும், பட்டையை வழியில் போனவன் எடுத்திருப்பான் என்று நாங்கள் சொன்னோம். டிகுரூஸ் நம்பவில்லை. பட்டணத்தில் சொல்லி, எல்லா நாய்க்கும் புதுப் பட்டை செய்து, ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் நகத்தளவு பித்தளைப் பூட்டு வைத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே சாவி. அது அவர் இடுப்பில் இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அவரே வந்து திறப்பார், நாங்கள் அடியில் பார்த்துத் துடைப்போம், அவரே பூட்டுவார்.

பூட்டு வந்த புதிதில் கன்னியப்பன் என்று ஒரு ஆள், பட்டைக்கு அடியில் புண் இருக்கிறது, சாவி கொடுங்கள் என்று கேட்டான். டிகுரூஸ் சாவி கொடுக்கவில்லை. பட்டையைக் கழற்றி என்ன செய்யப் போகிறாய் என்று காலையில் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை கேட்டார். அவன் பதறி இரண்டு விதமாகச் சொன்னான். அந்த வாரக் கடைசியில் அவன் வேலை போயிற்று. சட்டி பானையோடு அவன் குடும்பம் வண்டி ஏறியதை என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தேன். அதற்குப் பிறகு எங்களில் யாரும் சாவி என்ற வார்த்தையைச் சொன்னதில்லை.

இனி குடைக் கம்பி. சீமை இடுக்கி நல்ல எஃகுதான். ஆனால் அது உண்ணிக்குச் செய்ததில்லை. காயத்துக்குத் துணி வைத்துக் கட்டச் செய்தது. வாய் அகலம். உப்பிய உண்ணியில் வைத்தால் தலையோடு வயிறும் அகப்பட்டுக்கொள்ளும். எவ்வளவு பதமாகப் பிடித்தாலும் இருபதுக்கு நாலைந்து தலை போகும். மற்றவர்களுக்கும் அப்படித்தான். ஒரு மழைக்காலத்தில் என் குடை உடைந்தது. அதன் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். நடுவில் வாய்க்கால் போல ஒரு பள்ளம் ஓடும். விரல் நீளத்துக்கு வெட்டி, நுனியைக் கல்லில் சாய்வாகத் தேய்த்து, பள்ளத்தைக் கொஞ்சம் குறுக்கினேன். நுனியைத் தோலோடு படிய வைத்து உண்ணிக்கு அடியில் நகர்த்தினால் அதன் கழுத்து மட்டும் பள்ளத்தில் உட்காரும், வயிறு மேலே சும்மா நிற்கும். அப்படியே கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தால் போதும், இழுக்கவே வேண்டாம். அதுவே பிடியை விட்டுவிடும். காலை ஆட்டிக்கொண்டு உயிரோடு வரும்.

அதைத் தலைப்பாகையின் மடிப்பில் செருகி வைத்துக்கொண்டேன். டிகுரூஸ் கண்ணில் படும்போது சீமை இடுக்கி, முதுகைத் திருப்பினால் குடைக் கம்பி. இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்து மேடையில் வேலை செய்த தேசிங்குக்கும் சொல்லவில்லை. தேசிங்கு வெள்ளானூர்க்காரன், வாய் ஓயாதவன், நாயோடுகூட மச்சான் மாமன் முறை வைத்துப் பேசுவான். டிகுரூஸ் எதையாவது கண்டுபிடித்தால் இவன்தான் சொல்லியிருப்பான் என்று எனக்கு ஒரு நினைப்பு. காரணம் எதுவும் இல்லை. அங்கே வேலை செய்த எல்லோருக்கும் அடுத்தவன் மேல் அப்படி ஒரு நினைப்பு உண்டு.

அந்த வருஷம் மழை முடிந்ததும் டச்சஸ் என்ற நாய் வந்தது. வெள்ளையில் மர நிறத் திட்டு, தேன் கண், பெட்டை. துரைமாரில் பெரியவர் தானே தேர்ந்தெடுத்து வரவழைத்தது. என் பொறுப்பில் விட்டார்கள். கப்பலில் இளைத்து வந்த நாய் இங்கே வந்து கஞ்சி குடித்து வேகமாகச் சதை போட்டது. வந்தன்று இரண்டு விரல் நுழையும்படி பூட்டிய பட்டை, சில நாளில் கழுத்தோடு இறுகியது. அந்தச் சமயத்தில்தான் டிகுரூஸ் மலைக்காய்ச்சலில் விழுந்தார். பெரம்பூருக்குப் போய்ப் படுத்துவிட்டார், சாவியும் அவரோடு போய்விட்டது. அவருடைய தம்பி முறை ஒருவர் மட்டும் சாயங்காலம் வந்து, பாட்டில்களைத் தட்டில் கவிழ்க்காமல் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். அந்த மாதம் முழுக்க நான் குடைக் கம்பியால்தான் எடுத்தேன். ஒரு மாதம் எந்த நாயின் பட்டையும் திறக்கப்படவில்லை.

டிகுரூஸ் தேறித் திரும்பி வந்தார், பட்டை திறக்கும் முறையை மட்டும் இன்னும் ஆரம்பிக்கவில்லை. வந்த நாலாம் நாள் டச்சஸ் கஞ்சியைத் தொடவில்லை. அடுத்த நாள் மூத்திரம் காப்பி நிறத்தில் போனது. ஈறு வெளுத்து, கண் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. பெரிய துரை குதிரையில் வந்து பார்த்துவிட்டு, விஷம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். போலீசுக்கு எழுதுவதாகவும் சொன்னார் என்று சமையல் ஆள் வந்து சொன்னான். அன்று கஞ்சி காய்ச்சியவன், கழுவியவன், தேசிங்கு, நான் என்று எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தனித்தனியாக உட்கார்ந்திருந்தோம்.

பட்டணத்திலிருந்து மிருக வைத்தியர் வந்தார். நம்மவர்தான், கோட்டும் பஞ்சகச்சமும். டச்சஸின் காது நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, வராந்தாவில் நுண்பெருக்கிக் கண்ணாடியை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். விஷம் இல்லை, ரத்தத்தில் பூச்சி இருக்கிறது, உண்ணி கடித்து வருகிற காய்ச்சல் என்றார். சீமை நாய்களுக்கு முதல் வருஷத்தில் வருவது இதுதான், பட்டணத்திலும் பார்த்திருக்கிறேன் என்றார். நீல மருந்து ஒன்றை ரத்தக்குழாயில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் நாயின் ஈறு, நாக்கு எல்லாம் மை கொட்டியது போல நீலமாகிவிட்டது.

விஷம் இல்லை என்றதும் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது. எனக்குப் போயிற்று. உண்ணி என்றால் அந்த நாயின் உண்ணிக்கு நான்தான் ஆள்.

டிகுரூஸ் உள்ளே போய், அவர் படுத்திருந்த மாதத்தில் சேர்த்து வைத்த பாட்டில்களைத் தூக்கி வந்தார். தேசிங்கின் பாட்டிலை ஒரு தட்டில் கவிழ்த்தார், என்னுடையதை இன்னொரு தட்டில். வைத்தியரைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தேசிங்கு கை சுத்தமான கை. அவனுக்கே இருபதுல நாலு தலை போவுது. எனக்கும் போவும், மேன். ஒரு மாச பாட்டிலும் பாத்தேன், உன் தட்டுல ஒண்ணுகூடப் போவல. அது எப்படி?"

தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நான் சொல்றேன். ரத்தம் குடிச்சு முடிச்ச உண்ணி தானா உழும். செவுத்துச் சந்துல போய் ஒட்டிக்கும். அதுக்குத் தலை இருக்கும். நீ நாயைத் தொடல. செவுத்தைச் சொரண்டி பாட்டிலை ரொப்பினே."

வைத்தியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அப்படியா என்று என்னைக் கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் பின் எப்படி என்று கேட்பார்கள். கம்பியை எடுத்துக் காட்டினால் அதற்கும் வேலை போகும். எப்படித் திரும்பினாலும் லைன் வீடு காலியாகும். வாசலில் என் பெண்டாட்டி சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. பேசு என்று அவள் கண்ணால் சொன்னாள்.

"சாயங்காலத்துக்குள்ள ஊட்டைக் காலி பண்ணிடு" என்றார் டிகுரூஸ்.

அப்போது தேசிங்குதான் என் பக்கம் திரும்பிப் பேசினான். "ஏகாம்பரம், தலைப்பாவை அவுறு."

கடைசியில் இவனே காட்டிக்கொடுத்தான் என்று நினைத்தேன். அவன் டிகுரூஸ் பக்கம் திரும்பினான்.

"தொரை, ஒரு வருசமா பாத்துகினு கீறேன். அவன் செவுத்தைத் தொட்டதே இல்ல. தலைப்பாவுல ஒரு கம்பி வச்சிகினு கீறான். பொண்ணு பாக்க வந்தவனாட்டம் நாய்கிட்ட குனிஞ்சி குனிஞ்சி எடுப்பான். நைனா, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சே? காட்டுய்யா."

ஒரு வருஷம் தெரிந்தும் அவன் யாரிடமும் சொல்லவில்லை. வாய் ஓயாதவன் என்று நான் நினைத்த ஆள். அதை யோசிக்க அப்போது நேரமில்லை. தலைப்பாகையை அவிழ்த்தேன். கம்பி தரையில் விழுந்து சத்தம் கேட்டது.

டிகுரூஸ் அதை எடுத்து மோந்து பார்த்தார். நுனியைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு வேறு ஒரு நாயைக் கொண்டுவரச் சொன்னார். எடு என்றார். நாயின் காதைப் பிடித்தேன். மடலின் உள்ளே உப்பிய ஒன்று இருந்தது. கம்பியை அடியில் செலுத்தி நிமிர்த்தினேன். மனதுக்குள் மூன்று எண்ணுவதற்குள் அது கம்பியின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. தட்டில் விட்டேன். காலை அசைத்துக்கொண்டு நடந்தது. டிகுரூஸ் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வைத்தியரும் பார்த்தார். இன்னொன்று என்றார் டிகுரூஸ். இன்னொன்றும் எடுத்தேன். அப்படி ஏழு எடுத்த பிறகு கண்ணாடியைக் கீழே வைத்தார்.

அவருக்கு நிம்மதி வந்ததாகத் தெரியவில்லை. முகம் இன்னும் இறுகியது.

"சரி. நீ ஒழுங்காத்தான் எடுத்தே. அப்போ டச்சஸ் மேல உண்ணி எங்கேர்ந்து வந்துது?"

டச்சஸ் சாக்கின் மேல் படுத்திருந்த இடத்துக்குப் போய்க் குந்தினேன். அதன் கழுத்துப்பட்டை மேல் விரலை வைத்தேன்.

டிகுரூஸின் கை இடுப்புக்குப் போனது. காய்ச்சலில் இளைத்திருந்ததால் சாவிக்கொத்து நழுவிப் பின்பக்கம் போயிருந்தது, தடவி எடுத்தார். பூட்டில் பனி ஈரத்துக்குப் பச்சை பிடித்திருந்தது. இரண்டு தடவை திருகிய பிறகு திறந்தது. பட்டை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, வைத்தியர் தண்ணீர் தொட்டு மெல்லப் பிரித்தார்.

கழுத்தைச் சுற்றி இடைவெளி இல்லாமல் இருந்தன. சாம்பல் நிறத்தில் உப்பியவை, அவற்றின் நடுவே எள் போலப் புதியவை, செத்து நசுங்கியவை. பட்டையின் உள்தோலிலும் ஒட்டியிருந்தன. முப்பது வரை எண்ணி விட்டுவிட்டேன். தேசிங்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டிகுரூஸ் என் எதிரில் குந்தினார். அவர் குந்தி உட்கார்ந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும், தொரை. பட்டைக்குள்ள வெரல் போவாது. கம்பி போவும். ஓரத்துல நாலைஞ்சி எடுத்தேன். உள்ளே இருக்கறது நெருடிச்சி."

"எத்தனை நாளா?"

"பத்துப் பன்னண்டு நாளா."

"நான் வந்து அஞ்சாறு நாள் ஆச்சே. ஏன் சாவி கேக்கல?"

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. "சாவி கேட்டவன் ஊட்டுக்குப் போயிட்டான், தொரை."

அவர் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அன்று சாப்பிடவே போகவில்லை. நானும் தேசிங்கும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து டச்சஸின் கழுத்தைச் சுத்தம் செய்தோம். கம்பி ஒன்றுதான் இருந்தது, மாற்றி மாற்றி எடுத்தோம். டிகுரூஸ் டிங்சர் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு தலைகூடத் தங்கவில்லை. நாய் மூன்றாம் நாள் காலையில் செத்தது. புதைக்கத் தூக்கும்போதும் ஈறு நீலமாகத்தான் இருந்தது.

பெரிய துரையிடம் டிகுரூஸ் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் யாருக்கும் வேலை போகவில்லை. அவருக்கும் போகவில்லை. நான் வீட்டைக் காலி பண்ணவில்லை. ஆனால் நீ இருக்கலாம் என்று யாரும் வாயால் சொல்லவும் இல்லை. ஆகவே கட்டிய மூட்டையை என் பெண்டாட்டி ஒரு வாரம் அவிழ்க்காமல் வைத்திருந்தாள்.

டச்சஸின் கழுத்தைச் சுத்தம் செய்த அடுத்த நாள் காலை வழக்கம் போல வரிசையில் நின்று கையை நீட்டினோம். வழக்கம் போல மோந்து பார்த்தார். பெட்டியைத் திறந்தார். என் முறை வந்தபோது சீமை இடுக்கிக்குப் பதிலாகக் குடைக் கம்பியை எடுத்துக் கொடுத்தார். அதில் 4 என்று அடித்திருந்தது. என் சொந்தக் கம்பியை அன்றிலிருந்து அவரிடம் வாங்கி, சாயங்காலம் அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

கொட்டாயின் நடுத்தூணில் புதிதாக ஒரு ஆணி அடித்திருந்தது. அதில் பட்டைச் சாவி தொங்கியது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாள் பாட்டில்களோடு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

நாங்கள் சாவியைப் பார்த்தோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாரும் பக்கத்தில் போகவில்லை. தூணைத் தாண்ட வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போனோம்.

"பிஸ்கோத்து டின்னு" என்றான் தேசிங்கு, உதடு அசையாமல்.

நானும் அதைத்தான் நினைத்தேன். யார் கை நீளுகிறது என்று பார்க்கத்தான் தொங்கவிட்டிருக்கிறார். அன்று போனது. அடுத்த நாளும் போனது. மூன்றாம் நாளும் சாவி அதே ஆணியில் அதே கோணத்தில் தொங்கியது. முப்பது நாய்கள் பட்டையோடு நின்றன. எல்லாப் பட்டைக்கு அடியிலும் ஒரு மாதத்துக்கு மேலான இருட்டு இருந்தது. தேசிங்கின் மேடையில் கிடந்த நாய் பின்காலால் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தது. பூட்டு தரையில் பட்டுப் பட்டுச் சத்தம் வந்தது.

நாலாம் நாள் காலை டிகுரூஸ் வராந்தாவில் உட்கார்ந்து எங்கள் பக்கம் முகம் வைத்து முந்தின நாள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் சொறிந்தது. நான் என் மேடையிலிருந்து எழுந்தேன். தூணுக்கு இருபது அடிதான் இருக்கும். அவர் பார்க்கிறார் என்று தெரிந்தே நடந்தேன். பின்னால் தேசிங்கு, வேணாம் நைனா, வேணாம் நைனா என்று சொல்லிக்கொண்டிருந்தான். கையை உயர்த்தி ஆணியிலிருந்து சாவியை எடுத்தேன்.

டிகுரூஸ் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

"முப்பதையும் தொறக்கணும், மேன்" என்றார். "மூணு நாளு போச்சு."

தட்டில் குனிந்துகொண்டார். நான் தேசிங்கின் நாயிலிருந்து ஆரம்பித்தேன்.